இலவசத் தொலைக்காட்சியும் எமது வீடுகளும்

சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை முடிந்து பிள்ளைகளை அழைத்துச் செல்ல வந்த தாய் ஒருவர் அண்மையில் என்னிடம் ஓர் ஆலோசனை கேட்டார். "ரீச்சர், வீட்டிலை மூண்டு விதமாக் காசு கட்டிறம். ஸ்கைக்கு ஒண்டு, தமிழ்ச் சனலுக்கு ஒண்டு, பிறகு ரி.வி. லைசென்ஸ். விலைவாசி இருக்கிற இருப்பிலை ஏதாவது ஒண்டை வெட்ட வேணும். பிள்ளையள் பி.பி.சி.யும் பாக்கிறேல்லை, ஐ.ரி.வி.யும் பாக்கிறேல்லை. லைசென்சையும் கூரையிலை நிக்கிற அன்ரனாவையும் விட்டால் என்ன?"

வெட்டுவதாயின் மற்ற இரண்டில் ஒன்றை வெட்டுங்கள், இதனை வெட்டாதீர்கள் என்று அந்த இடத்திலேயே சொன்னேன். அவர் என்னை ஆச்சரியத்துடன் பார்த்தார். தமிழ் படிப்பிக்கும் ஒருத்தி தமிழ்ச் சனலை நிறுத்தினாலும் பரவாயில்லை என்கிறாளே என்ற ஆச்சரியம் அது. கார் பிழையான இடத்தில் நின்றமையால் விளக்கம் சொல்ல அவகாசம் இருக்கவில்லை. அவருக்குச் சொல்ல எண்ணியதை இங்கே எழுதுகிறேன்.

சட்டத்தை முதலிற் சொல்லிவிடுகிறேன். எம்மவர் பலர் இதில் தவறான எண்ணத்துடன் இருக்கின்றனர். லைசென்ஸ் என்பது பி.பி.சி. பார்ப்பதற்கு மாத்திரம் உரியதன்று. எந்த அலைவரிசையானாலும், எந்த மொழியானாலும், சென்னையிலிருந்து செய்மதி வழியாகவோ இணையம் வழியாகவோ வந்தாலும், ஒளிபரப்பாகும் அதே வேளையில் அதனைப் பார்ப்பதாயின் இந்நாட்டில் லைசென்ஸ் வேண்டும். 2025 ஏப்பிரலில் அது வருடத்திற்கு 174.50 பவுண் ஆயிற்று. இல்லாமற் பார்த்தால் 1000 பவுண் வரை தண்டம் விதிக்கலாம். இவ்வழக்குகளில் குற்றவாளிகளாகக் காணப்படுவோரிற் பெரும்பான்மையினர் பெண்கள். வந்து கதவைத் தட்டும் நேரத்தில் வீட்டிலிருப்பவள் பெண் என்பது அதற்கு முக்கியமான ஒரு காரணம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், சிவப்பெழுத்தில் வந்த லைசென்ஸ் கடிதத்தை உள்துறை அமைச்சின் கடிதமென எண்ணி இரண்டு நாள் அடுப்பு மூட்டாமல் இருந்தார்கள். 75 வயதைக் கடந்த எல்லோருக்கும் இது முன்னர் இலவசமாக இருந்தது. 2020 ஓகஸ்ட் முதல் பென்ஷன் கிறெடிற் பெறுகின்ற வீடுகளுக்கு மட்டுமே அச்சலுகை உண்டு. அதையும் விண்ணப்பித்தே பெற வேண்டும். வீட்டில் முதியவர் இருப்பின் இதனைக் கவனியுங்கள்.

ஆகவே முற்றிலும் இலவசமான தொலைக்காட்சி என்று பிரித்தானியாவில் ஒன்றில்லை. ஆனால் லைசென்ஸைக் கட்டிய பின்னர் ஐ.ரி.வி., சனல் 4, சனல் 5 ஆகியன எம்மிடம் ஒரு பென்ஸ்தானும் கேட்பதில்லை. சவர்க்காரமும் காரும் காப்புறுதியும் விற்பவன் எமக்காகக் கட்டுகிறான். இலவசம் என்று இக்கட்டுரையில் நான் குறிப்பிடுவது இதனைத்தான்.

2000ஆம் ஆண்டு கோடையில் ஐந்து வயது மகனுடன் நான் இலண்டனுக்கு வந்தேன். அவ்வருடம் ஏப்பிரல் முதல் அகதிக் கோரிக்கையாளருக்குப் பணத்திற்குப் பதிலாக வவுச்சர் கொடுக்கும் முறை நடைமுறைக்கு வந்திருந்தது. 25 வயதைக் கடந்த தனியாள் ஒருவருக்கு வாரம் 36.54 பவுண், அதில் 10 பவுணை மட்டுமே காசாக மாற்றலாம். மிகுதிக்குச் சாமான் வாங்க வேண்டும். வாங்கியது வவுச்சரின் பெறுமதியிலும் குறைந்துவிட்டால் மிச்சம் தரமாட்டார்கள். 2002 ஏப்பிரலில் அம்முறை கைவிடப்படும் வரை, வரிசையில் எமக்குப் பின்னால் நின்றவரின் பெருமூச்சைக் கேட்டுக்கொண்டே பால் வாங்கினோம். எனக்கு வங்கிக் கணக்கும் இருக்கவில்லை. மாதச் சந்தா கட்டித் தொலைக்காட்சி பார்ப்பது பற்றி அந்நிலையில் யார் நினைப்பார்?

ஈஸ்ற்ஹாமில் நாங்கள் இருந்த அறையில், முன்பு இருந்தவர்கள் விட்டுச் சென்ற பழைய பெட்டி ஒன்று இருந்தது. உடுப்புக் கொழுவியின் கம்பிதான் அதன் அன்ரனா. ஐந்து அலைவரிசைகள், ஐந்தாவது பனி பெய்வதுபோல் தெரியும். மகன் பள்ளியிற் சேர்வதற்கு இடம் கிடைக்கும் முன்னரே அந்தப் பெட்டியிடம் ஆங்கிலம் கற்றுக்கொண்டான். நான் யாழ்ப்பாணத்தில் பல வருடம் பாடசாலையிற் படிப்பித்தவள். கலைமாணிப் பட்டமும் பெற்றவள். ஆனால் இந்நாட்டவர் எப்படிக் கோபிப்பார்கள், எப்படி மன்னிப்புக் கேட்பார்கள், எதற்குச் சிரிப்பார்கள் என்பதை ஐ.ரி.வி.யின் நாடகங்களைப் பார்த்தே அறிந்தேன். விளம்பரங்களும் உதவின. அவற்றில் வரும் ஆங்கிலம் குறுகியது, திரும்பத் திரும்ப வருவது, பிள்ளைகளுக்கேற்ற பாடம்.

இவ்வளவும் சொந்தப் பயன். நான் சொல்ல வந்தது அதற்கு மேற்பட்டது. அதற்குக் கிறிக்கெற்றில் இருந்து தொடங்குகிறேன்.

1998 ஓகஸ்டில் இலண்டன் ஓவல் மைதானத்தில் நடந்த ரெஸ்ற் போட்டியில் முத்தையா முரளிதரன் இரு இன்னிங்ஸிலுமாக 16 விக்கெற்றுகளை வீழ்த்தினார். இலங்கை 10 விக்கெற்றுகளால் வென்றது. நான் வருவதற்கு இரண்டு வருடம் முன்னர் நடந்ததாயினும், அந்த வீட்டில் இருந்த பெடியன்கள் சொல்லிச் சொல்லி நானே பார்த்ததுபோலாயிற்று. (இலங்கை அணியை நாம் ஆதரிப்பதா என்ற சண்டையும், முரளியின் பிற்கால அரசியல் பற்றி எம்மவருள் உள்ள கசப்பும் வேறு கதைகள்.) போட்டி பி.பி.சி.யில் வந்தது. அடுத்த நாள் வேலைத்தலத்தில் வெள்ளைக்கார மேற்பார்வையாளர் அவர்களிடம் வந்து, நீங்களும் அந்தப் பந்துவீச்சாளரின் ஊரா என்று கேட்டாராம். சிற்றுண்டிச்சாலையில் கோப்பை கழுவும் ஒருவனிடம் அதுவரை யாரும் வந்து எதையும் கேட்டதில்லை.

அதே 1998இல்தான், எல்லா மக்களும் பார்க்கக்கூடிய அலைவரிசைகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த விளையாட்டுகளின் பட்டியலிலிருந்து உள்நாட்டு ரெஸ்ற் போட்டிகளை அப்போதைய கலாசார அமைச்சர் கிறிஸ் ஸ்மித் விடுவித்தார். 1999 முதல் சனல் 4 அவற்றில் பெரும்பாலானவற்றைக் காட்டியது. விளம்பரங்களுக்கிடையே வந்தாலும் நன்றாகவே காட்டினார்கள். 2005இல் அவுஸ்திரேலியாவுடன் நடந்த ஆஷஸ் தொடரை ஒரு கட்டத்தில் 84 இலட்சம் பேர் ஒரே நேரத்தில் பார்த்தனர். அவர்களில் ஒருவன் பத்து வயதான என் மகன். எமது தொடர்மாடிக் கட்டடத்தின் நடைபாதையில் வங்காளப் பிள்ளை, சோமாலிப் பிள்ளை, வெள்ளைப் பிள்ளை எல்லோரும் பால்ப் பெட்டியை விக்கெற்றாக வைத்து விளையாடினார்கள்.

2006இல் எல்லாப் போட்டிகளும் ஸ்கைக்குப் போயின. அப்புதிய ஒப்பந்தத்தின் முதலாவது கோடையில் முதலில் வந்த அணி எதுவென நினைக்கிறீர்கள்? இலங்கை. நொற்றிங்ஹாமில் முரளி ஒரே இன்னிங்ஸில் 70 ஓட்டங்களுக்கு 8 விக்கெற்றுகளை எடுத்து இலங்கையை வெற்றிபெறச் செய்தார். எங்கள் வீட்டில் யாரும் அதனை நேரடியாகப் பார்க்கவில்லை. மாலையிற் சனல் 5இல் வந்த தொகுப்பே கிடைத்தது. மாதம் முப்பது நாற்பது பவுண் என்னிடம் இருக்கவில்லை. அம்மா, கிறிக்கெற் எங்கே போயிற்று என்று மகன் கேட்டான். காசுள்ளவர்களின் வீட்டுக்குப் போய்விட்டது என்றேன். அவ்விலையுதிர்காலத்துக்குள் நடைபாதையில் பால்ப் பெட்டியும் இல்லாமற் போயிற்று.

கிறிக்கெற் சபை தன் பக்க நியாயத்தைச் சொல்கிறது. ஸ்கை கொடுத்த பணம் பெரியது. அதனால் மைதானங்களும் பயிற்சியாளர்களும் பெண்கள் அணிகளும் பயனடைந்தன என்பது பொய்யன்று. ஆயினும் 2009 ஆஷஸ் தொடரை அதிகூடிய நேரத்திற்தானும் பார்த்தவர் தொகை 20 இலட்சத்தை எட்டவில்லை. 2019 யூலை 14இல் உலகக் கிண்ண இறுதிப்போட்டியைச் சனல் 4இற்கும் பகிர ஸ்கை உடன்பட்டபோது 80 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பார்த்தனர். விளையாட்டு ஒன்றே, வாயிலைத் திறந்தபோது வந்தவர்களும் மூடியபோது உள்ளே இருந்தவர்களும்தான் வேறு.

எமக்கு இது புதிதன்று. 1980களில் எமது ஊரில் தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீடுகளை விரலில் எண்ணலாம். நீண்ட குழாயில் ஏற்றிய அன்ரனாவைத் தமிழ்நாட்டின் பக்கம் திருப்பி, வெள்ளிக்கிழமை தூரதர்ஷனின் ஒளியும் ஒலியும் பார்ப்பதற்கு ஒழுங்கை முழுவதும் ஒரே வீட்டுக்குப் போகும். பெட்டியை விறாந்தையில் வைப்பார்கள். முற்றத்திற் பாய் விரித்து இருப்போம். யாரும் யாரிடமும் காசு வாங்கவில்லை. இதனை எழுதும்போது, அம்முற்றத்துக்குள் வர அனுமதியின்றி வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்களும் இருந்தார்கள் என்பதையும் எழுதவேண்டும். அவர்கள் காசில்லாமையால் வெளியே நிற்கவில்லை, சாதியினால் நின்றார்கள். சிறுமியாக இருந்தபோது அது எனக்கு இயல்பாகத் தோன்றியது என்பதை இன்று வெட்கத்துடன் நினைக்கிறேன்.

அதற்கும் முந்திய கதை இலங்கை வானொலியின் வர்த்தக சேவை. 1952இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியிற் சினிமாப் பாடல்களை ஓரங்கட்டியபோது, பற்பசையும் சவர்க்காரமும் விற்கும் இந்திய வியாபாரிகளின் விளம்பரம் கொழும்புக்கு வந்தது. அந்த வர்த்தக சேவையின் தமிழ் ஒலிபரப்பில் எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களைத் தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகள் வாய்பிளந்து கேட்டன. தமிழ்நாட்டார் இலவசமாகக் கேட்டார்கள், நாம் கொடுத்தோம். இன்று சென்னைத் தொடர்நாடகத்திற்கு நாம் மாதச் சந்தா கட்டுகிறோம். காலத்தின் கோலம்.

ஆனால் அக்கதையில் இன்னொரு பாடம் உண்டு. விவிதபாரதி 1957இற் தொடங்கி, 1967இல் அதிலும் விளம்பரம் அனுமதிக்கப்பட்டபின், அந்த வியாபாரிகள் கொழும்பை நம்பியிருக்க வேண்டிய தேவை குறைந்தது. விளம்பரதாரன் எம்மீது அன்பு கொண்டு பணம் கொடுப்பவனல்லன். எமது காதும் கண்ணும் பணப்பையும் தேவைப்படும் வரை கொடுப்பான். விளம்பரத் தொலைக்காட்சியை ஆதரித்து எழுதும் நான் அதனை மறைக்க மாட்டேன்.

அதன் கொடிய முகத்தை எமது மொழியிலேயே பார்த்திருக்கிறோம். இலண்டனிலிருந்து தமிழர்களே நடத்தும் சிறிய அலைவரிசைகளுக்குப் பெரிய நிறுவனங்களின் விளம்பரம் வருவதில்லை; நாம் தொகையிற் சிறியவர்கள், செலவிடும் வல்லமையும் குறைந்தவர்கள். எனவே நகைக்கடை, சொலிசிற்றர், பணம் அனுப்பும் நிலையம், தொலைபேசி அட்டை ஆகியவற்றோடு சோதிடரும் வந்து சேர்ந்தார். காணாமற்போன மகன் எங்கோ இருக்கிறான், பரிகாரம் செய்தால் வருவான் என்று திரையிலே பேசிய ஒருவருக்கு, எனக்குத் தெரிந்த தாய் ஒருவர் வயோதிப இல்லத்திற் துப்புரவு செய்து உழைத்த பணத்தைப் பகுதி பகுதியாகக் கொடுத்தார். மகன் வரவில்லை. இத்தகைய விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் விதிகள் இந்நாட்டில் உள்ளன. ஆனால் தமிழிற் சொல்லப்படும் பொய்யை ஆங்கிலத்தில் முறையிடுவது யார்? நாம்தான் முறையிட்டிருக்க வேண்டும். நானும் முறையிடவில்லை.

சந்தா கட்டிப் பார்க்கும் தமிழ் அலைவரிசைகளை நான் இகழ வரவில்லை. எனது தாயார் கடைசி நான்கு வருடங்கள் என்னுடன் இருந்தார். நான் வேலைக்குப் போய் வரும் வரை வீட்டில் அவருடன் தமிழ் பேசியது அப்பெட்டி ஒன்றுதான். அதிலே அழுத மருமகள்களுக்காக அவரும் அழுதார். அந்த அழுகை அவருக்கு வேண்டியிருந்தது. அதற்குக் கட்டிய காசு வீண்காசு அன்று. எனினும் 2009 மே மாதத்தில், முள்ளிவாய்க்காலிலிருந்து தொலைபேசி எதுவும் வராத நாட்களிலும், மாலையானதும் அதே தொடர்நாடகம் அதே நேரத்துக்குத் தவறாமல் வந்தது. அது எமக்குச் சொந்தமான பெட்டி அன்று, நாம் அதன் வாடிக்கையாளர் மட்டுமே என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

(ஒருமுறை காசு கொடுத்தால் உலகிலுள்ள எல்லாச் சனலும் வரும் என்று கைக்குக் கை விற்கப்படும் கறுப்புப் பெட்டிகள் பற்றிக் கேட்கிறார்கள். அது இலவசமும் அன்று, கட்டணமும் அன்று, களவு. ஆறு மாதத்தில் நின்றுபோனால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?)

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். 2009 ஏப்பிரலில் நாம் பாராளுமன்றச் சதுக்கத்தில் நின்றோம். வாரக்கணக்காக நின்றோம். நானும் வேலை முடிந்து போய் நின்றேன். பஸ்ஸிலே போனவர்கள் நேரம் பிந்துகிறதென்று எம்மைச் சபித்தனர். எமது கட்டடத்திற் கீழ்வீட்டில் ஓர் ஆங்கில மூதாட்டி தனியே இருந்தார். அவர் வீட்டுக் கதவிலும் ஒரு துண்டுப்பிரசுரம் போட்டேன். அடுத்த நாள் அதனைப் பீற்சாக் கடைப் பிரசுரங்களோடு குப்பைத்தொட்டியிற் கண்டேன். அவரைக் குறைசொல்ல மாட்டேன். அதன் ஆங்கிலம் எனக்கே விளங்கவில்லை.

அவ்வருடம் ஓகஸ்டில், கைகள் கட்டப்பட்டவர்கள் சுடப்படும் காட்சியைச் சனல் 4 செய்தி வெளியிட்டது. பின்னர் 2011 யூன் 14 இரவு பதினொரு மணிக்கு மேல், கலம் மக்றே இயக்கி ஜோன் ஸ்னோ வழங்கிய 'சிறிலங்காவின் கொலைக்களங்கள்' என்ற விவரணப்படம் அதே அலைவரிசையில் ஒளிபரப்பாயிற்று. நான் பார்த்தேன்; பாதியில் எழுந்து சமையலறைக்குப் போனேன்; பிறகு வந்து பார்த்தேன். மறுநாட் காலை கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு மூதாட்டி. தூக்கம் வராமற் பெட்டியை முடுக்கியவர், அடுத்து என்ன வருகிறது என்று தெரியாமலே பார்த்திருக்கிறார். "நீ வந்த இடம் அதுதானா?" என்று மட்டும் கேட்டார். ஆம் என்றேன். வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பதினொரு வருடத்தில் அவர் என் வீட்டுக்குள் வந்து தேநீர் குடித்தது அன்றுதான் முதற்தடவை. அந்த வாரமே தம் பாராளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதினார். எழுதியதை என்னிடம் வாசித்தும் காட்டினார்.

அந்தப் படம் சந்தா கட்டும் ஓர் அலைவரிசையில் வந்திருந்தால் அவர் பார்த்திருப்பாரா? தமிழ் அலைவரிசையில் வந்திருந்தால் எமது கண்ணீரை நாமே பார்த்து நாமே துடைத்திருப்போம். காசு கொடுத்துப் பார்ப்பவன் தனக்கு வேண்டியதைத் தேர்ந்து பார்க்கிறான். ஈழத்தமிழன் செத்த கதையை எந்த வெள்ளைக்காரன் காசு கொடுத்துத் தேர்ந்து பார்ப்பான்? தேடாதவன் கண்ணிலும் படுகின்ற இடம் ஒன்று ஒரு நாட்டில் வேண்டும். அந்த மூதாட்டியின் பெட்டியில் அது இருந்தது; அதுவும் கார் விளம்பரத்தின் தயவில்.

அப்படத்திற்கு எதிரான முறைப்பாடுகளை ஆராய்ந்த ஒப்கொம், விதிமீறல் இல்லையென அவ்வருடமே தீர்த்தது. 2013 நவம்பரில் கொழும்புப் பொதுநலவாய மாநாட்டுக்குப் போன பிரதமர் டேவிட் கமரன், போகுமுன்னர் மக்றேயின் அடுத்த படமான 'நோ ஃபயர் ஸோன்' படத்தைப் பார்த்ததாகத் தாமே அறிவித்தார், யாழ்ப்பாணத்திற்கும் சென்றார். அதனால் நீதி கிடைத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. கிடைக்கவில்லை. ஆனால் நடக்கவில்லை என்று சொல்வது அதன்பின் கடினமாயிற்று.

சனல் 4 எப்படி இயங்குகிறது என்பதை எம்மவர் அறிந்திருப்பது நல்லது. 1982 நவம்பர் 2இல் தொடங்கிய இந்நிறுவனம் அரசுக்குச் சொந்தமானது; ஆனால் விளம்பர வருமானத்திலேயே நடக்கிறது. மற்றவர்கள் கவனிக்காத சிறுபான்மையினரையும் கவனிக்க வேண்டுமென்பது அதற்குச் சட்டம் இட்ட கடமை. பங்குதாரருக்கு இலாபம் பிரிக்க வேண்டியதில்லை; கூட்டம் சேர்க்கும் நிகழ்ச்சி உழைத்ததைக் கூட்டம் சேராத நிகழ்ச்சி செலவிடலாம். 2000 முதல் 2010 வரை அதிலே 'பிக் பிரதர்' ஓடியது. பிள்ளைகளைப் பார்க்கவேண்டாம் என்று நான் விரட்டிய நிகழ்ச்சி. சென்னையில் இன்று தமிழிலும் நடக்கிறது. அந்த வெட்கங்கெட்ட வீட்டைப் பார்த்தவர்களின் விளம்பரக் காசு அந்நாட்களிற் சனல் 4 செய்திக்கும் சோறு போட்டது. நான் விரட்டியது சரிதானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அதனை விற்றுவிட 2022 ஏப்பிரலில் அரசாங்கம் தீர்மானித்தது. அதற்குச் சில மாதங்கள் முன்னர், பொறுப்பான அமைச்சர் நடீன் டொறிஸ் பாராளுமன்றக் குழு முன்னிலையிற் சனல் 4 பொதுப்பணம் பெறுவதாகக் கூறி, தமது கட்சி உறுப்பினர் ஒருவராலேயே திருத்தப்பட்டார். விற்கப் புறப்பட்டவருக்கே கடையின் கணக்குத் தெரிந்திருக்கவில்லை. 2023 சனவரியில் அடுத்த அமைச்சர் மிஷேல் டொனெலன் அத்திட்டத்தைக் கைவிட்டார். அந்த விவாதத்தில் எமது சங்கங்கள் எத்தனை கடிதம் எழுதின? நான் கேட்டறிந்த வரையில், ஆண்டுவிழா மண்டபத்துக்கு எழுதிய கடிதங்களே அதிகம்.

இப்போது வேறு இரண்டு விடயங்கள் வருகின்றன. பி.பி.சி.யின் அரச சாசனம் 2027 டிசம்பர் 31இல் முடிவடைகிறது. அதன்பின் லைசென்ஸா, சந்தாவா, விளம்பரமா என்ற விவாதம் எழுந்துள்ளது. பி.பி.சி. விளம்பரம் எடுத்தால் எமக்கு லைசென்ஸ் மிச்சம் என்று மகிழவேண்டாம். விளம்பரப் பணம் ஒரு குளம். புதிதாக ஒரு பெரிய வாய்க்கால் வெட்டினால் ஐ.ரி.வி.க்கும் சனல் 4இற்கும் நீர் குறையும். ஏற்கெனவே அக்குளத்தின் பெரும்பகுதியைக் கூகிளும் முகநூலும் இறைத்துக்கொண்டிருக்கின்றன. மற்றது கூரை அன்ரனா. ஃப்றீவியூ என்ற பெயரில் வரும் அந்த ஒளிபரப்பு 2034 வரை மட்டுமே உறுதிசெய்யப்பட்டுள்ளது. அதன்பின் எல்லாவற்றையும் இணையம் வழியே அனுப்பினாற் போதும் என்று சொல்வோர் உளர். இணையத்துக்கு மாதக் கட்டணம் உண்டு. அக்கட்டணத்தைக் கட்டினாற்தான் இலவசத் தொலைக்காட்சி தெரியும் என்றால் அதற்கு வேறு பெயர் தேட வேண்டும். விடுதி அறையில் முடிவுக்காகக் காத்திருக்கும் இன்றைய அகதியும் மின்சார மீற்றருக்குக் காசு எண்ணும் முதியவரும் அப்போது எதைப் பார்ப்பர்?

பிள்ளைகள் யூரியூப் பார்க்கிறார்களே, அதுவும் விளம்பரத்தில் ஓடும் இலவசந்தானே என்று கேட்கலாம். கேட்டவர் என் மகன். இப்போது முப்பது வயதாகிறது. இலவசந்தான். ஆனால் என் கைபேசியில் வருவது உன்னுடையதில் வருவதில்லை. உன்னுடையது பக்கத்து வீட்டுக்காரனுடையதில் வருவதில்லை. ஈழத்தைத் தேடியவனுக்கு ஈழம் வரும். பூனை பார்த்தவனுக்குப் பூனையே வரும். கீழ்வீட்டு மூதாட்டிக்கு அது ஈழத்தைக் காட்டியிராது. அவன் ஒத்துக்கொள்ளவில்லை. யூரியூபிற்தான் தன் வெள்ளைக்கார நண்பர்கள் அப்படத்தைப் பின்னர் பார்த்தார்கள் என்றான். தேடிப் பார்த்தார்களா, நீ அனுப்பிப் பார்த்தார்களா என்று கேட்டேன். அனுப்பித்தான் என்றான்.

பாடசாலையில் என்னிடம் கேட்ட தாய்க்கு: தமிழ்ச் சனலைத் தாயாருக்காக வைத்திருங்கள். ஸ்கையை ஒரு வருடம் நிறுத்திப் பாருங்கள். அன்ரனா நிற்கட்டும். மாலை ஏழு மணிக்குச் சனல் 4 செய்தியைப் பிள்ளைகளுடன் இருந்து பாருங்கள். இடையில் வரும் விளம்பரங்களின்போது, இவன் எமக்கு எதை விற்கப் பார்க்கிறான் என்று பிள்ளைகளையே சொல்லவிடுங்கள். என் வகுப்பிற் சில வாரங்களாக அதைத்தான் தமிழிற் செய்விக்கிறேன். எட்டு வயதுப் பிள்ளை ஒன்று, "இவர் பயத்தை விக்கிறார், ரீச்சர்" என்றது. அது ஒரு காப்புறுதி விளம்பரம்.

அன்ரனா பற்றியும் பி.பி.சி. சாசனம் பற்றியும் எனது பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பியுள்ளேன். அதன் தமிழ், ஆங்கிலப் பிரதிகள் பாடசாலை அலுவலக மேசையில் உள்ளன. விரும்பியவர்கள் எடுத்துத் தம் பெயரில், தம் தொகுதி உறுப்பினருக்கு எழுதலாம். எனக்குப் பதில் வந்ததும் இப்பத்திரிகைக்கு அனுப்பிவைப்பேன்.